செம்மறியில் கரு மாற்றம் தோற்றால்: எந்த நாளில் தெரிந்ததோ, அங்கிருந்து காரணம் தேடுங்கள்

"கரு வச்சோம், நிக்கல." செம்மறியில் கரு மாற்றம் செய்து பார்த்தவர்கள் போன் செய்தால் முதலில் வருவது இந்தப் பேச்சுதான், பாலக்கோட்டிலிருந்து பேசினாலும் சரி, அஞ்செட்டியிலிருந்து பேசினாலும் சரி. இதை மட்டும் வைத்து யாராலும் காரணம் சொல்ல முடியாது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கெட்டது எந்த நாளில் தெரிந்தது? ஸ்பாஞ்ச் எடுத்த மறுநாளா, கரு எடுத்த மேசையிலா, கரு வைத்துப் பத்து நாள் கழித்தா, ஸ்கேனிலா, ஈன்ற அன்றா? நாள் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும். கரு வைத்த டாக்டரின் கையைக் குறை சொல்வது எளிது. ஆனால் நான் பார்த்த வரையில், வாடகைத்தாய் ஆட்டைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் தீனியிலும் மணிக்கணக்கிலும்தான் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது, அதெல்லாம் கத்தி வைப்பதற்கு முந்தைய விஷயம்.

புதிதாக வருபவர்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல பெட்டைக்கு (இதைக் கொடை ஆடு என்று வைத்துக்கொள்வோம்) 12 முதல் 14 நாள் பிறப்புறுப்புக்குள் ஹார்மோன் ஸ்பாஞ்ச் வைத்து, கடைசி மூன்று நான்கு நாள் எப்.எஸ்.எச். (முட்டையை வளர்க்கிற ஹார்மோன்) ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, அளவைக் குறைத்துக்கொண்டே போடுவோம். ஒன்றிரண்டு முட்டைக்குப் பதில் பத்து, பதினைந்து கூட வெடிக்கும். கிடா சேர்த்தோ விந்து செலுத்தியோ கருவாக்கி, ஆறாம் ஏழாம் நாளில் கருப்பையைக் கழுவிக் கருவை எடுத்து, கொடை ஆடு பருவத்துக்கு வந்த அதே நாளில் தானும் பருவத்துக்கு வந்த வேறு சாதாரணப் பெட்டையின் (இதுதான் வாடகைத்தாய்) கருப்பையில் வைப்பது. மாட்டில் இதை வயிறு திறக்காமல் கருப்பை வாய் வழியாகவே செய்யலாம். செம்மறியின் கருப்பை வாய் மடிப்பு மடிப்பாக, ஒன்றுக்கொன்று விலகிய வளையங்களாக இருப்பதால் குழாய் உள்ளே போகாது, ஆகவே வயிற்றைச் சிறிதாகத் திறந்தோ லேப்ராஸ்கோப் (சிறு துளை வழியே உள்ளே பார்க்கிற கருவி) வைத்தோதான் செய்ய வேண்டும். ஒரே ஆட்டைத் திரும்பத் திரும்பத் திறந்தால் உள்ளே ஒட்டிப் போகும் என்பதால் மூன்று முறைக்கு மேல் பலரும் போவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் வீணாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கீழே நாள் கணக்கு எல்லாம் ஆடு கிடாவுக்கு நின்ற (பருவத்துக்கு வந்து கிடாவை ஏறவிட்ட) நாளை 0 என்று வைத்து எழுதியது. ஒரு நோட்டு போடுங்கள். ஸ்பாஞ்ச் வைத்த மணி, எடுத்த மணி, ஒவ்வொரு ஊசியின் மணி, முதலில் நின்ற மணி. தேதி மட்டும் எழுதினால் போதாது, செம்மறியில் எல்லாம் மணியில்தான் இருக்கிறது.

ஸ்பாஞ்ச் எடுத்தாச்சு, ஆடு நிக்கவே இல்லை

முதல் கேள்வி: நிற்கவில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா? மாடு கத்தும், வழும்பு ஒழுகும். வெள்ளாடு வாலை ஆட்டிக் கத்தி ஊரைக் கூட்டும். செம்மறி அப்படி ஒன்றும் காட்டாது. கிடா பக்கத்தில் வந்தால்தான் அது நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியும். வாசக்டமி செய்த (விந்துக்குழாயை வெட்டிய) கிடாவோ, வயிற்றில் சாக்கு கட்டிய கிடாவோ இல்லாமல் பருவம் பார்த்தேன் என்று சொன்னால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. கிடாவின் நெஞ்சில் சாயம் தடவி விடுங்கள், ஏறிய பெட்டையின் பிட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். காலை, மதியம், இரவு என்று பார்த்தால் மணியும் ஓரளவு கிடைத்துவிடும். பெரும்பாலான பெட்டைகள் ஸ்பாஞ்ச் எடுத்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நின்றுவிடும்.

கிடா வைத்துப் பார்த்தும் நிற்கவில்லை என்றால், ஸ்பாஞ்ச் நடுவிலேயே விழுந்திருக்கலாம். எடுக்கும் நாளில் நூல் தொங்கவில்லை என்றால் விரலை விட்டுப் பாருங்கள், நூல் அறுந்து ஸ்பாஞ்ச் உள்ளேயே இருப்பதும் உண்டு. எடுக்கும்போது பழுப்பாக, சில சமயம் ரத்தம் கலந்து, மூக்கைப் பிடிக்கிற நாற்றத்தோடு தண்ணீர் கொட்டும். பயப்பட வேண்டாம், ஓரிரு நாளில் தானே தெளிந்துவிடும், இதற்காக ஆண்டிபயாடிக் ஊசி போட்டு ஆட்டை அலைக்கழிக்கத் தேவையில்லை.

இன்னொரு காரணம், ஆடு ஏற்கெனவே சினையாக இருப்பது. சந்தையில் வாங்கிய ஆட்டில் இது சகஜம். ஸ்பாஞ்ச் வைப்பதற்கு முன் ஒரு ஸ்கேன் பார்த்துவிட்டால் இந்தச் செலவு மிச்சம். அப்புறம் குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும் ஆடு, முதுகெலும்பு கையில் குத்துகிற அளவு மெலிந்த ஆடு, இன்னும் இரண்டு பல் கூட விழாத குட்டி ஆடு. இவற்றை வாடகைத்தாயாக எடுக்கவே வேண்டாம். நம் ஊர் அட்சரேகையில் செம்மறி வருஷம் முழுக்கப் பருவத்துக்கு வரும், வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்து "சீசன் இல்லை போல" என்று நினைக்க வேண்டியதில்லை. இங்கே ஆட்டைத் தடுப்பது தீனிக் குறைவும் வெயிலும்தான்.

கொடை ஆட்டில் முட்டையே இல்லை, அல்லது கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது

கரு எடுக்கும் நாளில் சினைப்பையைப் பார்த்தால் முட்டை வெடித்த ஒவ்வொரு இடத்திலும் சிவந்த திட்டு ஒன்று இருக்கும். கார்பஸ் லூட்டியம் என்பது இதுதான், சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் இதிலிருந்துதான் வருகிறது. பத்துத் திட்டு எதிர்பார்த்த இடத்தில் ஒன்றோ இரண்டோ இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

எப்.எஸ்.எச். உடம்பில் நெடுநேரம் தங்காத மருந்து. மாலை ஆறு மணி ஊசியை "நாளைக் காலையில சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று விட்டால் வளர்ந்துகொண்டிருந்த முட்டைப்பைகள் பாதியிலேயே சுருங்கிவிடும். அடுத்து, மருந்து எங்கே இருந்தது என்று விசாரியுங்கள். ஓசூரிலோ சேலத்திலோ வாங்கி, ஐஸ் இல்லாத பையில் பஸ்ஸில் வந்து, கரன்ட் போன பிரிட்ஜில் ஒரு ராத்திரி கிடந்த மருந்தா? கரைத்த பிறகு எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்? இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு ஆடு மட்டும் கொடுக்கவில்லை என்றால் அது அந்த ஆட்டின் இயல்பு. ஒரே அளவு மருந்தில் ஒன்று பதினைந்து கொடுக்கும், பக்கத்தில் நிற்கிற அதன் உடன்பிறப்பு ஒன்றுமே கொடுக்காது. உலகம் முழுக்க இந்த வேலையில் இன்னும் தீராத சிக்கல் இதுதான். இரண்டு முறை கொடுக்காத ஆட்டை மூன்றாம் முறை முயலாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. திட்டு குறைவு, ஆனால் வெடிக்காத பெரிய கொப்புளங்கள் நிறைய. இது மருந்து அதிகமானதன் அடையாளம். பாட்டில் அட்டையில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் அறுபது எழுபது கிலோ எடையுள்ள வெளிநாட்டுப் பெட்டைக்கு. நம் மேச்சேரி இனப் பெட்டை அதில் பாதி கூட இருக்காது. அளவைக் குறைக்க வேண்டும், எவ்வளவு என்பதை உங்கள் மந்தையில் ஓரிரு ஆட்டில் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். எப்.எஸ்.எச்.சுக்குப் பதில் பி.எம்.எஸ்.ஜி. என்ற ஹார்மோனை ஒரே ஊசியாகப் போட்டவர்களுக்கு இந்தக் கொப்புளப் பிரச்சினை அதிகம் வரும், ஏனென்றால் அது ரத்தத்தில் பல நாள் தங்கி முட்டை வெடித்த பிறகும் புதுக் கொப்புளங்களைத் தூண்டிக்கொண்டே இருக்கும். இரட்டைக் குட்டி மரபணு உள்ள ஆடுகள், அதாவது மகாராஷ்டிரத்துப் பல்டனில் உருவாக்கிய நாரி சுவர்ணா போன்றவை, ஏற்கெனவே அதிக முட்டை விடுபவை என்பதால் அவற்றிலும் கையை அடக்கியே போடுங்கள்.

திட்டு பன்னிரண்டு, கரு மூன்று

முட்டை வெடித்திருக்கிறது, கழுவினால் வரவில்லை. நாளைப் பாருங்கள். முட்டை கருக்குழாயிலிருந்து கருப்பைக்கு இறங்க ஏறக்குறைய மூன்று நான்கு நாள் ஆகும். நாலாம் நாளில் கருப்பையைக் கழுவினால் பாதி இன்னும் மேலே குழாயில்தான் இருக்கும். எட்டாம் நாளைத் தாண்டினால் கரு தன் வெளித்தோலை விட்டு வெளியே வந்துவிடும், கிடைப்பதும் கஷ்டம், கையாள்வதும் கஷ்டம். ஆறாம் நாள் நல்ல நாள்.

நாள் சரி என்றால் திட்டுகளின் நிறத்தைப் பாருங்கள். சிவந்து துருத்திக்கொண்டிருக்காமல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் அவை மூன்றாம் நான்காம் நாளிலேயே செத்துவிட்டன. புரோஜெஸ்டிரோன் போய்க் கருப்பை சுருங்கி விரிந்து கருவை வெளியே தள்ளியிருக்கும். வெடிக்காத கொப்புளங்கள் அதிகம் உள்ள ஆட்டிலும், மெலிந்த ஆட்டிலும் இது வரும். இதற்கு மேசையில் செய்ய ஒன்றுமில்லை, அடுத்த முறை மருந்தளவையும் உடல்நிலையையும் சரிசெய்ய வேண்டியதுதான்.

திட்டும் நன்றாக இருந்தால் கைவேலையைச் சந்தேகப்படலாம். குழாய் ஓரமாகக் கசிகிறதா, உள்ளே விட்ட தண்ணீர் அளவு திரும்பி வந்ததா, முந்தைய ஆபரேஷனில் கருக்குழாய் ஒட்டியிருக்கிறதா. ஆட்டுக்கு 24 மணி நேரம் தீனியும் 12 மணி நேரம் தண்ணீரும் நிறுத்தாவிட்டால் வயிறு உப்பிக் கருப்பையைப் பார்க்கவே விடாது, மயக்கத்தில் இரைப்பைத் தண்ணீர் மேலே வந்து நுரையீரலுக்குள் போகிற ஆபத்தும் இருக்கிறது. கடைசியாகத் தேடுகிற கண். கரு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். தட்டில் கோடு போட்டு, வரிசை வரிசையாகத் தேடி, முடிந்ததும் இன்னொருவர் ஒருமுறை தேட வேண்டும். இரண்டாம் கண் பல சமயம் ஒன்றிரண்டு எடுத்துக் கொடுக்கும்.

கிடைத்ததெல்லாம் கருவாகாத முட்டை

மைக்ராஸ்கோப்பில் ஆறாம் நாள் நல்ல கரு என்றால் செல்கள் இறுகி, சின்ன மல்பெரிப் பழம் மாதிரி, தெளிவான ஒரு வெளி வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தட்டை லேசாக ஆட்டினால் வளையத்தோடு உருளும். கருவாகாத முட்டையில் அந்த மேடு பள்ளம் இருக்காது, வளையத்துக்குள் ஒரே செல், வழவழப்பாக, மணல் தூவினாற்போல் இருக்கும். சில முட்டைகள் கெட்டு உடைந்து துண்டுகளாகி, கருவாகிப் பிரிந்தவை போலத் தெரியும். துண்டுகள் சமமில்லாமல், பெரிதும் சிறிதுமாக இருந்தால் அது கரு இல்லை. பழகாத கண் இங்கே ஏமாறும்.

காரணம் பிடிக்க ஒரு வழி: எல்லாக் கொடை ஆடுகளிலும் அப்படியா, ஒன்றில் மட்டுமா? ஒரே கிடாவுக்குச் சேர்த்த எல்லாவற்றிலும் என்றால் கிடா. ஒன்றில் மட்டும் என்றால் அந்தப் பெட்டை.

கிடாவில் விந்து உருவாகி வெளியே வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது. ஆகவே இன்று கிடா எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை, இரண்டு மாதத்துக்கு முன் அதற்குக் காய்ச்சல் வந்ததா, நீலநாக்கு வந்ததா, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கட்டிக் கிடந்ததா என்று யோசியுங்கள். வைகாசி கடைசியில் விந்து கெட்டிருந்தால் அதன் காரணம் பங்குனி, சித்திரையில் இருக்கும். கரு மாற்றம் தொடங்குமுன் விந்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது சில நிமிட வேலை, அதைத் தவிர்க்காதீர்கள்.

பெட்டைப் பக்கக் காரணம், ஹார்மோன் அதிகம் வாங்கிய ஆட்டில் விந்தணு கருப்பை வாயைத் தாண்டி மேலே போவதே சிரமம். கிடா நன்றாக ஏறியது, ஆனாலும் ஒன்றும் ஆகவில்லை என்பதன் விளக்கம் இதுதான். லேப்ராஸ்கோப் வைத்து இரண்டு கருப்பைக் கொம்பிலும் நேராக விந்து வைத்தால் நிலைமை மாறும். இந்த வசதி இல்லையென்றால் ஒரு கிடாவுக்கு ஒன்றிரண்டு கொடை ஆடு மட்டும் விட்டு, நிற்கிற நேரம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சேர்க்கவாவது வேண்டும். ஒரே கிடாவை ஏழெட்டுப் பெட்டைக்கு விட்டுவிட்டுக் கரு இல்லை என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை.

கருவானது, ஆனால் கறுத்து உடைந்து கிடக்கிறது

ஆறாம் நாளில் ஒன்று நாலு செல், ஒன்று எட்டு செல், ஒன்று கறுத்த கட்டி என்று ஆளுக்கொரு நிலையில் இருந்தால் வளர்ச்சி நடுவில் நின்றிருக்கிறது. முதல் மூன்று நாளில் கருவுக்கு வெப்பம் ஆகவே ஆகாது. அந்த மூன்று நாளில் ஆட்டை எங்கே வைத்திருந்தீர்கள்? தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேட்டு நிலம், ராத்திரி குளிர்ந்துவிடும், அங்கே இவ்வளவு கவலை இல்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கோடையில் மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கொட்டகைக்குள் போய் ஒரு ஆட்டின் விலாவைப் பாருங்கள், நிழலில் நின்றுகொண்டே வாய் திறந்து இளைக்கும். அந்த உடம்புக்குள் கரு பிழைக்காது. கோடையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தை, மாசியில் வைத்தால் வெயில் ஏறுவதற்குள் சினை ஒட்டிவிடும், ஆனி ஆடியில் மழைப் பச்சை வரும்போது குட்டியும் விழும்.

தீனியில் யூரியாவைப் பாருங்கள். யூரியா தெளித்த வைக்கோல், யூரியா வெல்லப்பாகுக் கட்டி எல்லாம் கறிக்கு வளர்க்கிற ஆட்டுக்கு நல்லதுதான், ஆனால் கரு எடுக்கப்போகும் ஆட்டின் ரத்தத்தில் யூரியா ஏறினால் கருவின் தரம் கெடும். மூன்று நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

எல்லாக் கொடை ஆட்டின் கருவும், வெவ்வேறு கிடாவின் கருவும், ஒரே நாளில் கெட்டிருந்தால் ஆட்டை விட்டுவிட்டு மேசையைப் பாருங்கள். கழுவும் திரவம் பழையதா, கண்ணாடிப் பாத்திரத்தில் சோப்பு மிச்சமா, டெட்டால் வாடை வரும் டிரேயா, கையுறைப் பவுடரா. சில பிளாஸ்டிக் சிரிஞ்சின் கறுப்பு ரப்பர் கூடக் கருவுக்கு நஞ்சு. புதுக் கம்பெனி சிரிஞ்சு வாங்கினால் நேராகக் கருவுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஜன்னலோரம் வெயில் படும் மேசையும் வேண்டாம்.

நல்ல கரு வைத்தோம், பத்துப் பதினோரு நாளில் ஆடு மறுபடி நின்றுவிட்டது

அதிகம் பேர் கேட்பது இது. செம்மறியின் பருவச் சுழற்சி 17 நாள். ஆறாம் நாளில் கரு வைத்திருந்தால், பிடிக்காத ஆடு வைத்த பத்து, பதினோராம் நாளில் கிடாவுக்கு வரும். உள்ளே நடந்தது இதுதான்: கரு பன்னிரண்டாம் நாள் வாக்கில் நூல் போல நீண்டு, இன்டர்பெரான் டௌ என்ற ஒரு புரதத்தைச் சுரந்து "நான் இருக்கிறேன்" என்று தாய்க்குத் தெரிவிக்க வேண்டும். பன்னிரண்டு, பதிமூன்றாம் நாளுக்குள் அந்தச் செய்தி போகவில்லை என்றால் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் சுரந்து கார்பஸ் லூட்டியத்தை அழித்துவிடும். ஆகவே 17ஆம் நாளில் சரியாக நின்ற ஆட்டில் கரு அதற்கு முன்பே செத்திருக்கிறது, அல்லது உள்ளே போகவே இல்லை.

உள்ளே போகவே இல்லையா என்பதை அன்றே பார்த்திருக்க வேண்டும். கரு வைத்த பிறகு, கருவை உள்ளே விட்ட குழாயை மறுபடி கழுவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது கட்டாயம், கரு சுவரில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருப்பது அரிதில்லை. கருப்பைச் சுவரில் குத்திய துளை உள்ளறை வரை போனதா, சுவரின் சதைக்குள்ளேயே நின்றுவிட்டதா என்பதும் கைக்குத் தெரிய வேண்டிய விஷயம். அப்புறம் பக்கம்: எந்தச் சினைப்பையில் கார்பஸ் லூட்டியம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கொம்பில்தான் கரு வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் திட்டு இல்லாத ஆட்டில் வைக்கவே கூடாது. ஸ்பாஞ்ச் எடுத்ததும் கிடாவுக்கு நின்றது என்பதற்காக முட்டை வெடித்தது என்று நம்பிவிட வேண்டாம். கரு மிச்சம் இருக்கிறதே, வீணாகாமல் இதிலும் வைத்துப் பார்ப்போமே என்று செய்தால் கருவும் போச்சு, ஆட்டின் வயிற்றில் ஒரு தையலும் மிச்சம்.

நேரப் பொருத்தம். கொடை ஆடும் வாடகைத்தாயும் 12 மணி நேரத்துக்குள் முன்பின்னாக நின்றிருந்தால் நல்லது, ஒரு நாள் வரை தாங்கும், இரண்டு நாள் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் ஸ்பாஞ்ச் எடுத்தால் ஒரே நேரத்தில் நிற்கும் என்று நினைக்கிறார்கள். எப்.எஸ்.எச். வாங்கிய கொடை ஆடு சீக்கிரமே நிற்கும், வாடகைத்தாய் தாமதமாக நிற்கும். அதனால்தான் வாடகைத்தாயின் ஸ்பாஞ்சை அரை நாள் முன்னதாக எடுப்பது வழக்கம். மேலே மணி எழுதச் சொன்னதன் பயன் இங்கேதான் வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கரு பிடிக்கவில்லை என்று வரும்போது நான் தீவனத் தொட்டியைப் பார்க்கச் சொல்கிறேன். அரூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் கரு வைத்த ஆடுகளுக்கு மட்டும் தனி மூங்கில் கூடை. அதில் ஊறவைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, மேலே ஒரு கை கேழ்வரகு மாவு. "கரு வச்ச ஆடுங்க டாக்டரம்மா, நல்லா தின்னட்டும்" என்று அந்த வீட்டுப் பாட்டி அன்போடு ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த அன்புதான் இந்த இடத்தில் தீங்கு. பெட்டைக்குத் திடீரென்று தீனி ஏறினால் கல்லீரலுக்குப் போகும் ரத்தம் அதிகமாகி, அது ரத்தத்திலிருந்து புரோஜெஸ்டிரோனை வேகமாகக் கழித்துவிடும். சினை ஒட்டவேண்டிய அதே நாள்களில் ஹார்மோன் இறங்கிவிடும். ஆட்டைத் தேற்றுவதெல்லாம் ஸ்பாஞ்சுக்கு முன்னால். ஸ்பாஞ்ச் வைத்ததிலிருந்து சினை உறுதியாகும் வரை தீனி ஒரே அளவு, ஒரே வகை, ஒரே நேரம். குறைக்கவும் கூடாது, மேய்ச்சலை நிறுத்திப் பட்டினி போட்டாலும் இதே கதைதான். பாட்டியிடம் பக்குவமாகச் சொன்னதும் புரிந்துகொண்டார், ஆனால் அந்த முறை வைத்த கருக்களுக்கு அது உதவவில்லை.

வாடகைத்தாய் எங்கே வாங்கினீர்கள் என்பதும் இங்கேதான் வருகிறது. போச்சம்பள்ளிச் சந்தையில் போன வாரம் வாங்கி, இந்த வாரம் ஸ்பாஞ்ச் வைத்த ஆடு, லாரி அலைச்சல், புது மந்தை, புதுத் தண்ணீர், ஒருவேளை உள்ளே ஆட்டுக்கொல்லி நோயின் தொடக்கம் என்று எல்லாவற்றோடும் வருகிறது. குறைந்தது ஒன்றரை மாதம் உங்கள் பட்டியில் நிற்க வேண்டும். அதில் முதல் மூன்று நான்கு வாரம் தனியாக. தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாம் இந்தக் காலத்திலேயே முடிந்துவிட வேண்டும். நாலு பல், ஆறு பல், ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை சுகமாக ஈன்று குட்டிக்கு நன்றாகப் பால் கொடுத்த பெட்டை, குட்டி பிரித்து மாதம் ஆனது, முதுகைத் தடவினால் எலும்பு குத்தாமலும் கொழுப்பில் மறையாமலும் இருப்பது. அழகு பார்க்க வேண்டியதில்லை. மேச்சேரியோ திருச்சி கறுப்போ, தாய்மைக் குணம் இருந்தால் போதும்.

பத்து நாளில் நிற்கவில்லை, ஸ்கேனில் காலி

17ஆம் நாளைத் தாண்டிப் பிறகு கரு போயிருக்கிறது என்றால் கரு வைத்த வேலையில் குற்றமில்லை. காய்ச்சல், கடும் வெயில், நாய் துரத்தல், டெம்போவில் ஏற்றி வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோனது, இப்படி ஏதாவது நடந்ததா என்று பாருங்கள். முக்கியமாகக் கேளுங்கள், யாராவது பூச்சி மருந்து கொடுத்தார்களா? அல்பெண்டசோல் முதல் ஒரு மாதச் சினையில் கொடுக்கவே கூடாது, கருவைச் சிதைக்கும். "மந்தைக்கே ஊத்தினோம், அதுக்கும் சேர்த்து ஊத்திட்டோம்" என்பது அடிக்கடி கேட்கிற பதில். கரு வைத்த ஆட்டின் கழுத்தில் ஒரு கயிறு கட்டி அடையாளம் வையுங்கள், மருந்து ஊற்றுகிற பையனுக்கும் அது தெரிய வேண்டும்.

இன்னொன்று, நிற்காததெல்லாம் சினை இல்லை. கிடா வைத்துப் பார்க்காவிட்டால் 17ஆம் நாள் நின்றது கண்ணில் படாமலே போயிருக்கும். 34ஆம் நாளில் நிற்கிற ஆடு பெரும்பாலும் அப்படித் தவறவிட்ட ஆடுதான். ஸ்கேன் 35 முதல் 45 நாளுக்குள் பாருங்கள். அவசரப்பட்டு 20ஆம் நாளில் பார்த்துக் காலி என்று விற்றுவிட வேண்டாம்.

இரண்டு கரு வைத்து ஒரு குட்டி பிறந்தால் அதைத் தோல்வியாக எடுக்காதீர்கள். ஆட்டுக்கு இரண்டு வைப்பதே ஒன்றாவது நிற்கட்டும் என்பதற்காகத்தான். இரண்டும் நின்றுவிட்டால் கடைசி ஆறு வாரம் தீனியை ஏற்ற வேண்டும், சின்ன ஆடு இரட்டையைச் சுமந்து தீனி போதாமல் படுத்துவிட்டால் தாயும் போய்விடும்.

உறைகரு (உறைய வைத்த கரு) வைத்தது எதுவும் பிடிக்கவில்லை

வாடகைத்தாய்கள் நன்றாக இருந்தும் மொத்தமாகப் பிடிக்காவிட்டால் நைட்ரஜன் கேனில் தொடங்குங்கள். உள்ளே மைனஸ் 196 டிகிரி. அளவுகோல் விட்டுத் திரவ மட்டத்தை வாரம் ஒருமுறை பார்த்து எழுதியிருக்கிறீர்களா? ஸ்ட்ராவை (கரு அடைத்த மெல்லிய குழாய்) தேடும்போது கேனின் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பெயர் படித்துக்கொண்டிருந்தால், படித்து முடிப்பதற்குள் கருவுக்குச் சேதம் வந்துவிடும். உருக்கும் வெப்பமும் நொடியும் ஸ்ட்ரா வந்த இடத்துக் குறிப்பில் உள்ளபடியே இருக்கட்டும், மாட்டு விந்து உருக்குகிற பழக்கத்தில் செய்ய வேண்டாம். தவிர, புதுக் கருவை விட உறைகரு குறைவாகத்தான் பிடிக்கும், அதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நான்கு மாதத்தில் விசிறிவிட்டது (சினை கலைந்துவிட்டது)

இது கரு மாற்றப் பிரச்சினை இல்லை, நோய்ப் பிரச்சினை. புருசெல்லா, டாக்ஸோபிளாஸ்மா, கிளமைடியா, ஆட்டுக்கொல்லி என்று பட்டியல் நீளம். விசிறிய குட்டியையும் நஞ்சையும் வெறும் கையில் தொடாதீர்கள், நாய்க்குப் போடாதீர்கள். புருசெல்லா மனிதருக்கும் வரும், வந்தால் மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் விடாது. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் பட்டிப் பக்கமே விட வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் சொல்லி மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம்தான். தாய் ஆடுகளின் ரத்தத்தைப் புருசெல்லாவுக்கு ஸ்பாஞ்ச் வைப்பதற்கு முன்பே பரிசோதித்திருந்தால் இந்த நிலை பெரும்பாலும் வராது.

குட்டி பெரிது, ஈன முடியவில்லை

டார்பர் மாதிரிப் பெரிய இனத்தின் கருவைச் சின்ன மேச்சேரியில் வைத்தால் இந்த ஆபத்து உண்டு. குட்டியின் அளவில் கருவின் மரபுக்கும் பங்கு இருக்கிறது, தாயின் இடுப்பு எலும்பு அதற்காக விரிந்து கொடுக்காது. பெரிய இனக் கரு என்றால் மந்தையில் நல்ல உயரமும் அகன்ற இடுப்பும் உள்ள, முன்பு ஈன்ற பெட்டையாகப் பார்த்து வையுங்கள். ஆய்வகத்தில் முட்டையையும் விந்தையும் சேர்த்து வளர்த்த கருவில் குட்டி இயல்பை மீறிப் பெருப்பதும் உண்டு. நாள் கணக்கையும் சரியாகப் போடுங்கள். சினைக்காலம் 147 முதல் 150 நாள், ஆனால் அது கரு வைத்த நாளிலிருந்து இல்லை. ஆறு நாள் கருவை வைத்திருந்தால், வைத்த நாளிலிருந்து 141 முதல் 144 நாளில் ஈனும். இந்த ஆறு நாள் தெரியாமல், ஆடு ஈனத் தொடங்கிய ராத்திரியில் பட்டியில் ஆள் இல்லாமல் குட்டியை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

குட்டி பிறந்தது, ஆனால் கருவின் சாயல் இல்லை

வாடகைத்தாயின் நிறத்திலேயே குட்டி விழுந்தால், பருவத்தின்போது ஏதோ ஒரு முழுக் கிடா ஏறியிருக்கிறது. வாசக்டமி செய்த கிடாவாக இருந்தால் எப்போது செய்தது என்று பாருங்கள். ஆபரேஷன் முடிந்தும் குழாயில் மிச்சமிருக்கும் விந்தணு சில வாரம் வெளியே வரும், ஆறு வாரம் பெட்டைகளோடு விடக்கூடாது. சாக்கு கட்டிய கிடாவில் சாக்கு ஒதுங்குவது சகஜம், ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பக்கத்துக் கொல்லைக் கிடா வேலி தாண்டி வந்திருக்கவும் கூடும்.

வாடகைத்தாயை வேறு நிறத்தில் தேர்ந்தெடுப்பதில் பெரிய சௌகரியம் இருக்கிறது. 1996இல் பிறந்த டாலி, குளோனிங் மூலம் வந்த வெள்ளைமுக ஃபின் டார்செட் இனக் குட்டி. அதைச் சுமந்தது ஸ்காட்லாந்தின் கறுப்புமுக ஆடு. ஈன்ற ஆட்டின் சொந்தக் குட்டி அது இல்லை என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. மேச்சேரிக் கருவைத் திருச்சி கறுப்பில் வைத்தால் அதே வசதி உங்களுக்கும் கிடைக்கும். ஒரே இனத்துக்குள் வைக்கிறீர்கள், குட்டியைப் பொலிகிடாவாக நல்ல விலைக்கு விற்கப்போகிறீர்கள் என்றால், விற்பதற்கு முன் குட்டி, கொடை ஆடு, கிடா மூன்றின் ரத்தத்தையும் எடுத்து டி.என்.ஏ. பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.